பத்தொன்பதாவது பெயர்

ஆம்பூர்,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள ஆபாவுக்கு,

தங்கை முபஷ்ஷிராவின் ஸலாம். இந்தக் கடிதத்தில் தொடங்கி, வீட்டில் நடப்பதை எல்லாம் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதி அனுப்புவதென்று முடிவு செய்திருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஐந்து நிமிடம், அதுவும் வார்டன் பக்கத்தில் நிற்கும்போது போனில் என்ன உண்மையைப் பேச முடியும்? உருதுவில் எழுதினால் வார்டனுக்குப் படிக்க வராது, கடிதத்தை நிறுத்திவிடுவார் என்று நீ சொன்னதால் தமிழில் எழுதுகிறேன். வார்டன் அவர்களுக்கும் என் வணக்கம்.

எல்லோரும் நலம். அம்மியின் இடுப்பு வலி குறைந்திருக்கிறது. அப்பா பேரணாம்பட்டு தோல் டேனரிக்கு வாரம் நான்கு நாள்தான் போகிறார்.

முக்கியச் செய்தி, நீ எழுதிவந்த நோட்டு இப்போது என் கையில். முதல் பக்கத்தில் நானே ஒரு முன்னுரை எழுதியிருக்கிறேன்: "இது ஷஹீன் பானு அவர்களின் கைத்தையல் நோட்டு. கம்பெனியின் பிரேம்நாத் சார் ஷூவின் மேல்தோலை மூட்டையில் கொண்டுவந்து இறக்குவார். ஷஹீன் பானு அதைத் தெருவின் இருபத்திரண்டு பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்து, தைத்ததைத் திரும்ப வாங்கிக் கட்டுவார். ஒவ்வொரு ஜோடியிலும் தைத்தவர் பெயர் எழுதிய சீட்டு இருக்கும்." அம்மி படிக்கச் சொல்லித் தன் பெயரைக் கேட்டுவிட்டு, "ஷஹீன் பானு அவர்களா? அது யாரு, எனக்குத் தெரியாத பெரிய மனுஷி" என்றாள்.

ஆனால் மூட்டைதான் இளைத்துவிட்டது. ஜூலை வரை, அமெரிக்காவில் வரி ஏறுவதற்குள் அனுப்ப வேண்டும் என்று தைக்கத் தைக்கக் கொடுத்தார்கள். இப்போது தினம் பேருக்கு நாலு ஜோடி, அவ்வளவுதான். முத்துமாரி அக்கா காலை பத்து மணிக்கே நாலையும் முடித்துவிட்டு, ஊசியைத் துணியில் குத்தி வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவர் கணவர் இடுப்பு எலும்பு உடைந்து படுத்த பிறகு அந்த வீடு ஓடுவது அந்த ஒரு ஊசியால்தான் என்று உனக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன்னைக் காக்கட்டும்.

உன் தங்கை,
முபஷ்ஷிரா

*

ராசிபுரம்,
28 செப்டம்பர் 2025

அன்புத் தங்கை முபிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம். காலாண்டு விடுமுறைக்கும் எங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. தினம் இரண்டு தேர்வு. உன் வணக்கத்தை வார்டன் படித்துவிட்டு, "யாருமா இது, எனக்கெல்லாம் வணக்கம் வெக்கிறது?" என்று கேட்டார். என் மானம் போயிற்று.

நாலு ஜோடி என்றதும் எங்கள் மெஸ் நினைவுக்கு வந்தது. புதன்கிழமை சப்பாத்தி. யாருக்கு எத்தனை வேண்டும் என்று காலையிலேயே தாளில் எழுத வேண்டும். ஒருமுறை மாவு போதாமல் சமையல்காரர் எழுதியதில் பாதிதான் கொடுத்தார். அடுத்த வாரம் மூன்று சாப்பிடுகிறவள் ஆறு எழுதினாள். அவர் தாளைப் பார்த்துப் பயந்துபோய் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தார். அதற்கடுத்த வாரம் எல்லோரும் ஒன்பது எழுதினார்கள். அவரும் ஒன்பதையே நம்பிச் சுட்டுவிட்டார். வியாழக்கிழமை காலையும் மதியமும் எங்களுக்குக் காய்ந்த சப்பாத்தி. இப்போது அந்தத் தாளை யாரும் நம்புவதில்லை. எழுதுகிறவளும்கூட.

நோட்டை ஒழுங்காக எழுது. ஏழும் ஒன்றும் உனக்கு ஒரே மாதிரி வரும், கவனம். அம்மி அப்பாவுக்கு என் ஸலாம்.

ஹஃப்ஸா

*

ஆம்பூர்,
9 அக்டோபர் 2025

பாசமுள்ள ஆபா,

நலம், உன் நலமறிய ஆவல். உன் சப்பாத்திக் கதையை அம்மியிடம் வாசித்துக் காட்டினேன். அம்மி சிரிக்கவில்லை. காரணம் உண்டு.

போன வாரம் பிரேம்நாத் சார் மூட்டையை இறக்கும்போது, வேலையைப் பெயர்க் கணக்கில்தான் பிரிப்பதாகவும் பக்கத்து ஊர்களில் புதிதாகப் பெயர் சேர்க்கிறார்கள் என்றும் சொன்னார். "பேரு ஜாஸ்தி இருந்தா மூட்டை ஜாஸ்தி. நான் வீடு வீடா வந்து எண்ணப் போறனா?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே தெரு முழுவதும் எங்கள் வாசலில். அமிர்தவள்ளி அக்கா நான்கு பெயர் கொடுத்தார். அதில் ஒன்று பள்ளிகொண்டாவில் வாழ்க்கைப்பட்ட அவர் மகள். ஒன்று பிரசவத்துக்குப் போன மருமகள். முத்துமாரி அக்கா தயங்கித் தயங்கி மூன்று. என் வகுப்புத் தோழி தூபாவின் அம்மா ஐந்து. அதில் வஹீதா மாமி ஊரைவிட்டுப் போயே மூன்று வருடம் ஆகிறது. மற்ற வீடுகளிலிருந்து ஆறு. இவ்வளவையும் என் கையால் எழுதினேன். இருபத்திரண்டு இப்போது நாற்பத்தொன்று.

ஆனால் ஆபா, நேற்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லா ஊரிலும் பெயர் ஏறியதால் இப்போது பேருக்கு இரண்டு ஜோடிதான். முன்பு இருபத்திரண்டு பேருக்கு நாலு, எண்பத்தெட்டு ஜோடி. இப்போது நாற்பத்தொரு பேருக்கு இரண்டு, எண்பத்திரண்டு. இத்தனை பொய் எழுதி ஆறு ஜோடியை இழந்திருக்கிறோம். அம்மியிடம் சொன்னேன். "நாம எழுதாம இருந்திருந்தா நாப்பத்தி நாலுதான் வந்திருக்கும். அதையும் கணக்குப் போடு" என்றாள். அதுவும் சரிதான். அதுதான் பயமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

முபஷ்ஷிரா

*

ராசிபுரம்,
19 அக்டோபர் 2025

முபி,

ஸலாம். தலைவலி, வேறொன்றுமில்லை. தீபாவளி முடிந்ததும் வேதியியல் தேர்வு, அதனால் சிறிய கடிதம்.

இருபத்திரண்டிலிருந்து நாற்பத்தொன்று என்றால் பத்தொன்பது பெயர் ஏறியிருக்க வேண்டும். நீ எழுதியதைக் கூட்டினேன். நான்கு, மூன்று, ஐந்து, ஆறு. பதினெட்டுதான் வருகிறது. பத்தொன்பதாவது யார்?

அம்மிக்கு ஸலாம்.

ஹஃப்ஸா

*

ஆம்பூர்,
2 நவம்பர் 2025

அன்பு ஆபா,

ஸலாம். தலைவலி தீர்ந்ததா? சுக்குத் தட்டிப் போட்டுக் குடி.

பெரிய செய்தி. வேலை வந்துவிட்டது! ஏதோ ஒரு நாட்டுக் கடைகளில் சரக்குத் தீர்ந்துவிட்டதாம். ஒரே நாளில் பன்னிரண்டு மூட்டை. முன்னறையில் இப்போது நடக்க வழியில்லை. அப்பா மூட்டைகளின் மேல் ஏறித்தான் காற்றாடி சுவிட்சைப் போடுகிறார். பேருக்கு ஆறு ஜோடி, பத்து நாள். கம்பெனியில் பெயர்களை எண்ணிப் பார்த்து, ஆட்கள் ஏராளம் இருக்கிறார்கள் என்று தேதிக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்களாம்.

நாற்பத்தொரு பேர், ஆறு ஜோடி. ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பத்தாறு. கைகள் இருபத்திரண்டு பேருடையவை.

மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடலாமே என்று அப்பா கேட்டார். அம்மி, "இப்ப முடியாதுன்னா அடுத்த வாட்டி நம்ம தெருவுக்கே வண்டி வராது. அப்ப முத்துமாரிக்கு யாரு பதில் சொல்றது, நீங்களா?" என்று கேட்டாள். டேனரியிலும் இதே கூத்து என்று மட்டும் அப்பா சொன்னார். ஆடு வாங்குகிறவர், பதப்படுத்துகிறவர், தைக்கிறவர் என்று ஒவ்வொருவரும் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் சேர்த்துக் கேட்கிறார்களாம். "அங்க கடையில பத்து பேரு தும்முனா இங்க தொட்டியில ஆயிரம் தோலு ஊறுது" என்றார்.

பெண்கள் விரல்களில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றிக்கொண்டு தைக்கிறார்கள். மெழுகு நூல் வாசம் சோற்றில்கூட வருகிறது. முன்னறையின் இரண்டு விளக்குகளும் நான் தூங்கும்போது எரிகின்றன, எழும்போதும் எரிகின்றன.

நீ கேட்ட கேள்விக்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன். தாளில் இடமில்லை.

முபஷ்ஷிரா

*

ஆம்பூர்,
11 நவம்பர் 2025

ஆபா,

ஸலாம். அனைவரும் நலம். நானும் நலம். கவலைப்படாதே. வேலை நடக்கிறது. நீ நன்றாகப் படி.

மு.

*

ராசிபுரம்,
20 நவம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். உன் இரண்டு கடிதங்களும் என் முன்னால் இருக்கின்றன. முதல் கடிதத்தில் தாளில் இடமில்லை என்கிறாய். உன் கையெழுத்துக்குக் கீழே அரைப் பக்கம் காலியாக இருக்கிறது. இரண்டாவது கடிதத்தின் எழுத்தெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல் உருண்டு கிடக்கிறது. பேனாவை எந்தக் கையில் பிடித்தாய்? விரலுக்கு என்ன?

ஞாயிறு போனில் அம்மி, "எல்லாம் நல்லா இருக்குது, நீ படி" என்றாள். முபியைக் கூப்பிடு என்றேன். "வேலையா இருக்குறா" என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டாள். எனக்கு இன்னும் மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. அரையாண்டுத் தேர்வு எப்போது, என்ன படிக்கிறேன் என்று வாய் ஓயாமல் அளப்பவள் நீ. இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடம் என்ற வார்த்தையே உன் கடிதத்தில் இல்லை.

திட்ட மாட்டேன். எழுது.

இங்கே சமையல்காரர் மாறிவிட்டார். புதியவர் வந்ததும் தாளைக் கிழித்துப் போட்டார். சப்பாத்திக் கூடையை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நடுமேசையில் வைத்தார். முதலில் ஆளுக்கு இரண்டு. பசித்தால் மறுபடி வா, கல் சூடாகத்தான் இருக்கிறது என்றார். முதல் புதன் எல்லோரும் சந்தேகத்துடன் மூன்று தடவை போனார்கள். போன புதன் யாரும் ஓடவில்லை. எனக்கு இரண்டரைதான் பசி என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. இதைச் சும்மா எழுதவில்லை முபி, யோசி.

உன் ஆபா,
ஹஃப்ஸா

*

ஆம்பூர்,
30 நவம்பர் 2025

அன்பு ஆபா,

ஸலாம். கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று சொன்னவள் குறைத்துவிட்டேன். இன்று எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

பத்தொன்பதாவது பெயர் நீதான். அம்மி கேட்கவில்லை. நானேதான் எழுதினேன். எல்லோர் வீட்டிலும் இல்லாதவர்கள் பெயர் ஏறும்போது, நம் வீட்டில் இல்லாதவள் நீ ஒருத்திதானே.

மூட்டைகள் வந்ததும் உன் பெயருக்கு உரிய ஆறு ஜோடியைத் தினமும் நான் தைத்தேன். முதலில் பள்ளி விட்டு வந்து தைத்தேன். பிறகு மதியமே வந்துவிட்டேன். பிறகு போகவில்லை. பதினொரு நாள். ஆறாவது நாள் ஊசி வலது ஆள்காட்டி விரலில் நகத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அதனால்தான் அந்தக் கடிதத்தை இடது கையால் எழுதினேன். இப்போது ஆறிவிட்டது, நிஜமாக.

நான் நூலை அதிகமாக இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. தோல் சுருங்கி, பன்னிரண்டு ஜோடி கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. பன்னிரண்டிலும் உன் பெயர்ச் சீட்டு. கூடவே பிரேம்நாத் சாரும், கம்பெனி மேடம் ஒருவரும் வந்தார்கள். பெண்கள் எல்லோரும் தைத்துக்கொண்டிருந்தார்கள். சார் சீட்டைப் பார்த்து, "ஹஃப்ஸா யாரு?" என்று கேட்டார்.

ஒருவரும் நிமிரவில்லை. அம்மி முக்காட்டைச் சரிசெய்தாள். என் கையில்தான் ஊசி இருந்தது.

"நான்தான் சார்" என்றேன்.

மேடம் வயது கேட்டார். பதினெட்டு என்றேன். அவர் என் துணி சுற்றிய விரலையே பார்த்துவிட்டு, ஏதோ எழுதிக்கொண்டார். ஆபா, அப்போது அம்மியின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் போனதும் அம்மி என் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். மறுநாள் காலை அப்பா என்னைப் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

பத்து நாள் கழிந்து, இன்னொரு வாரமும் கழிந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு மூட்டை பிரிக்காமலே திரும்பிப் போயிற்று. இனி நம் தெருவுக்கு வேலை வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. முத்துமாரி அக்கா தினமும் வந்து வாசலில் நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகிறார்.

உன் பெயரைக் கெடுத்துவிட்டேன். மன்னித்துவிடு.

முபஷ்ஷிரா

*

ஆம்பூர்,
14 டிசம்பர் 2025

அன்பு ஆபா,

ஸலாம். தேர்வுகள் நடக்கின்றன. கணக்கு சுமார். உன் பதில் இன்னும் வரவில்லை. கோபமா, தபாலா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

உன் சப்பாத்திக் கூடையை யோசித்தேன். பிறகு நோட்டில் புதுப் பக்கம் பிரித்து அம்மியிடம் காட்டினேன். இருபத்திரண்டு பெயர் மட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் ஒரு நாளில் நிஜமாக எத்தனை ஜோடி தைப்பார். தினமும் மாலையில் கீழே மூன்று வரி: இன்று முடிந்தது, கையில் மிச்சம், நாளைக்கு வேண்டியது. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பிவிட வேண்டும். அவர் அதற்குத் தக்க மூட்டை அனுப்பட்டும்.

"பக்கத்து ஊர்ல நாப்பது இருக்கும். நாம இருபத்திரண்டுன்னு நின்னா, எல்லா மூட்டையும் அங்கதான் போகும்" என்றாள் அம்மி. அன்று கூடியிருந்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். தூபாவின் அம்மா, சின்னப் பிள்ளை புத்தகம் படித்துவிட்டு வந்து நம் வயிற்றில் கை வைக்கிறது என்றார்.

அப்போது முத்துமாரி அக்கா பேசினார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. "ஷஹீனக்கா, எனக்கு ஒரு நாளைக்குப் பதினாறு ஜோடியும் வேணாம், மறுவாரம் சும்மா குந்தறதும் வேணாம். அஞ்சு ஜோடி போதும். ஆனா தெனமும் வரணும். அப்பதான் நாளைக்கு இன்னா ஆக்கறதுன்னு எனக்குத் தெரியும்."

அமிர்தவள்ளி அக்காதான் முதலில் நோட்டை என் பக்கம் தள்ளினார். இத்தனை நாளும் நோட்டில் அவர் ஒரு நாளைக்குத் தைப்பதாகச் சொல்லியிருந்தது ஆறு ஜோடி. "எளுது பாப்பா, எனக்கு மூணுன்னு. கண்ணு தெரியலன்னு தெருவுக்கே தெரியும். நோட்டு கிட்ட மட்டும் இன்னாத்துக்கு வெக்கப்படணும்?"

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எட்டு என்று சொல்லியிருந்தவர் ஐந்தரை என்றார். வெள்ளிக்கிழமை முடியாது என்றார் ஒருவர். கூட்டினால் நூற்றுப் பத்து ஜோடி. அம்மி கடைசியில்தான் தன் எண்ணைச் சொன்னாள். இடுப்பு வலி உள்ள நாளில் இரண்டு, இல்லாத நாளில் நான்கு.

திங்கட்கிழமை அந்தப் பக்கத்தைத் தாளில் எழுதிப் பிரேம்நாத் சாரிடம் கொடுத்தோம். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்றோடு ஆறு நாள். வண்டி வரவில்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எல்லா வாசலிலும் தலைகள் தெரிகின்றன. பிறகு என் பக்கம் திரும்புகின்றன.

நான் தப்புச் செய்துவிட்டேனா ஆபா?

முபஷ்ஷிரா

*

ராசிபுரம்,
20 டிசம்பர் 2025

என் முபிக்கு,

ஸலாம். உன் நவம்பர் கடைசிக் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. இன்று டிசம்பர் கடிதம். வார்டன் முதல் கடிதத்தைத் தன் மேசையில் வைத்திருந்தார். கொடுக்கும்போது, "உன் தங்கச்சி விரலு ஆறிடுச்சானு கேட்டு எழுது" என்றார்.

கோபமில்லை. தினம் ஆறு ஜோடி தைத்தது என் பெயர் என்றால், திரும்பி வந்த அந்தச் சீட்டும் எனக்குச் சேர்ந்ததுதானே. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் எழுது. வரவில்லை என்றால் அதையும் எழுது.

ஹஃப்ஸா

*

ஆம்பூர்,
4 ஜனவரி 2026

அன்பு ஆபாவுக்கும், வார்டன் அவர்களுக்கும்,

ஸலாமும் வணக்கமும். விரல் ஆறிவிட்டது. நகம் மட்டும் கொஞ்சம் கோணலாக வளர்கிறது.

பக்கத்தைக் கொடுத்த பதினாறாம் நாள் வண்டி வந்தது. ஒரே ஒரு மூட்டை. பிரேம்நாத் சார் அதை இறக்கவில்லை. முதலில் என் பக்கத்தைப் பையிலிருந்து எடுத்து, பெயர்களைக் கூப்பிட்டார். இருபத்திரண்டு பேரும் பதில் சொன்னார்கள். முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"ஹஃப்ஸா எங்க? பேரு இல்லியே."

"அவங்க ராசிபுரத்துல படிக்கறாங்க சார். ப்ளஸ் டூ."

"அப்ப அன்னிக்கு நான்தான்னு சொன்னது?"

"பொய் சார். நான் முபஷ்ஷிரா. ஒன்பதாவது படிக்கறேன். நோட்டு எழுதறது நான்தான். தைக்கறது இல்ல, இனிமே."

அம்மி என் தோளில் கை வைத்தாள். சார் கொஞ்ச நேரம் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மியிடம்தான் பேசினார். அவர் பொறுப்பில் ஆறு ஊர். எல்லாம் சேர்த்து இருநூற்று நாற்பது பெயர் இருந்ததாம். கைகளை எண்ணினால் நூற்று முப்பதுகூட இல்லை. "நீங்க பொய் சொல்றீங்கன்னு தெரியும்மா. எவ்ளோ பொய்னுதான் தெரியல. அதுக்கு மேல நானும் ஒரு இருபது போட்டுத்தான் மேல குடுத்தேன். மேல அவங்க இன்னும் எவ்ளோ போட்டாங்களோ."

தேதி தவறியதால் கம்பெனியில் அவரை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அப்போது அவர் பையில் உண்மையான எண்ணிக்கை என்று இருந்தது இந்த ஒரு தாள்தானாம். அதை நீட்டியிருக்கிறார். இத்தனை நாள் மற்ற ஐந்து ஊரிலும் இதே மாதிரி எழுதி வாங்க அலைந்தாராம். இரண்டு ஊரில் கொடுத்தார்கள். மூன்று ஊரில் இன்னும் நம்பவில்லை.

ஜனவரி முடியும்வரை நமக்குத் தினம் நூற்றுப் பத்து. மாலை ஆறு மணிக்கு நோட்டின் போட்டோ போக வேண்டும். போகாவிட்டால் மறுநாள் மூட்டை இல்லை. பிப்ரவரி பற்றிக் கேட்டதற்கு, எனக்கே தெரியாதும்மா என்றார். அம்மிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவர் தெரியாது என்று சொல்லி இப்போதுதான் கேட்கிறாளாம்.

முதல் நான்கு நாள் நூற்றுப் பத்து சரியாக வந்தது. ஐந்தாம் நாள் தொண்ணூறுதான் வந்தது. தூபாவின் அம்மா உடனே, "பாத்தியா, பேரைச் சேரு" என்றார். நான் பேனாவை எடுக்கவில்லை. ‘நாளைக்கு வேண்டியது’ வரியில் நூற்று முப்பது என்று எழுதவும் இல்லை. நூற்றுப் பத்து என்றுதான் எழுதினேன். ஆறாம் நாள் நூற்றுப் பத்து வந்தது. முந்தைய நாள் தோல் குறைவாக வெட்டியிருந்தார்களாம், அவ்வளவுதான்.

முத்துமாரி அக்கா பத்து மணிக்கு முடிப்பதில்லை. இப்போதெல்லாம் நிதானமாகத் தைத்து மூன்று மணிக்கு முடிக்கிறார். நேற்று அவர் வீட்டில் நாளைக்கு என்று இட்லி மாவு ஆட்டி வைத்திருந்தார்.

உன் பெயர்ச் சீட்டுகள் சில மிச்சம் இருந்தன. அம்மி எல்லாவற்றையும் அடுப்பில் போடச் சொன்னாள். ஒன்றை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். வேதியியல் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்துக்கொள்.

இன்றைய பக்கம்: முடிந்தது நூற்றெட்டு. கையில் மிச்சம் இரண்டு. நாளைக்கு வேண்டியது நூற்றெட்டு. போட்டோ போய்விட்டது. முன்னறைத் தரை தெரிகிறது. இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன். இப்போது அம்மி வந்து, இனி உள்ளே போய் எழுது என்கிறாள். மணி ஏழேகால். உள்ளே வந்துவிட்டேன், முன்னறையின் இரண்டு விளக்குகளையும் அம்மி அணைத்துவிட்டாள்.